ஏற மறுத்த நூற்று அறுபத்தொரு பாட்டு

பஸ் ஸ்டாண்டுக்குள் எந்தப் பஸ் நுழைந்தாலும் கவுஸ் பாஷா தன் கடைப் பாட்டைக் குறைத்துவிடுவார். எதிரில் நிற்கிற ஆள் பேசிக்கொண்டேயிருப்பார். இவருடைய இடது கை மட்டும் மேசைக்கு அடியில் போய் ஸ்பீக்கரின் திருகைத் தேடும். அரைச் சுற்று. பிறகு கழுத்து ஒரு விரற்கடை வாசல் பக்கம் சாயும். பஸ்ஸுக்குள் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பிக்கும்வரை அப்படியே இருப்பார். பாட்டு எல்லாருக்கும் பொது. எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு வரும் என்பதுதான் கடைக்குக் கடை மாறும். அடுத்த பாட்டு அவர் நினைத்ததாக இருந்தால் திருகு பழைய இடத்துக்குத் திரும்பும். இல்லையென்றால் அந்தப் பஸ் கிளம்பிப் போகிறவரை கடையில் பாட்டே கிடையாது.

"ஊர்ல ஆம்பளைங்க அடுத்தவன் வூட்டப் பாத்து வயிறெரிவாங்க. இந்த மனுசன் அடுத்தவன் பஸ்ஸக் கேட்டு வயிறெரியறாரு" என்பாள் அவர் மனைவி அஸ்ரப் நிஷா.

கள்ளக்குறிச்சியில் கவுஸ் மொபைல்ஸ் திறந்து பதினெட்டு வருஷமாகிறது. கவர், சார்ஜர், ரீசார்ஜ் எல்லாம் உண்டு. ஆனால் நாலு பேருக்கு அவரைத் தெரிந்தது பாட்டால்தான். அவருடைய கம்ப்யூட்டரில் இருபத்தோராயிரம் பாட்டு அகரவரிசையில் அடுக்காக நின்றது. ஒவ்வொரு பாட்டின் உள்விவரத்திலும் தன் கடைப் பெயரைத் தட்டி வைத்திருந்தார், பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரி. இந்தக் காலத்தில் யார் பென்டிரைவில் பாட்டு ஏற்றுகிறார்கள் என்று கேட்கலாம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் செல்லில் டவர் நிற்காது. வெள்ளிமலை போகிற பஸ்ஸுக்கும் ஜீப்புக்கும் பென்டிரைவை விட்டால் வேறு கதியில்லை.

அந்த வெள்ளிமலை பஸ்ஸில்தான் ஒரு நாள் முள் குத்தியது. தை மாசம், செவ்வாய்க்கிழமை. பஸ் உள்ளே வந்தது. திருகு அரைச் சுற்று திரும்பியது. பாட்டு முடிந்து வேறொன்று வந்தது. அது அவர் வரிசையில் இல்லை. டிரைவர் சின்னராசு பதினோரு வருஷமாக வேறு கடைப் படியேறாதவர். கவுஸ் பாஷா எட்டிப் பார்த்தார். சின்னராசு பஸ்ஸை விட்டு இறங்கி நேரே எதிர்வரிசைக்குப் போனார். அங்கே ஜெயப்பிரகாஷ் என்ற இளைஞன் ஆறு மாசம் முன்னால் ஒரு கடை போட்டிருந்தான். ஒரு லேப்டாப், நீல விளக்கு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் கடை.

அன்றிலிருந்து கவுஸ் பாஷா நிமிஷம் எண்ணினார். சின்னராசு அந்தக் கடையில் ஏழு நிமிஷம் உட்கார்ந்தார். இங்கே வந்தால் நாலு நிமிஷம்தான், அதுவும் நின்றபடி. அங்கே டீ வருகிறது. இரண்டு பேரும் ஒரே டீயைப் பாதிப் பாதியாக ஊற்றிக்கொள்கிறார்கள். அந்தப் பையன் ஏதோ சொல்ல சின்னராசு தொடையில் தட்டிச் சிரிக்கிறார். பதினோரு வருஷத்தில் தன் கடையில் அவர் தொடையில் தட்டிச் சிரித்ததுண்டா? கவுஸ் பாஷா யோசித்து யோசித்துப் பார்த்தார். ஒரு தரம் கொசு அடித்ததுதான் நினைவுக்கு வந்தது.

பங்குனியில், காலை டிரிப் முடிந்த கையோடு, சின்னராசு கவுஸ் மொபைல்ஸ் படியேறினார்.

"இன்னா பாய், நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன். இந்தப் பக்கம் வழி தெரிஞ்சுதா?"

"பொண்டாட்டி மாதிரி கேக்கறீங்களே பாய்!" சின்னராசு சிரித்துக்கொண்டே பென்டிரைவை மேசைமேல் வைத்தார். "இத்த உங்க கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிக்கங்க. வெயில்ல டேஷ்போர்டு கொதிக்குது, என்னிக்குப் பூடும்னு தெரில. பத்திரம்னா ஊர்ல உங்கள வுட்டா யாரு?"

"யார் போட்டுக் குடுத்த பாட்டு?"

"எதிர்க்கடத் தம்பிதான். நூத்தி அறுவத்தி நாலு. இன்னா வரிச பாய் அது! மலை ஏறச்சொல்ல ஸ்டியரிங்கு தானாத் திரும்புது. ஜனங்க எறங்க மாட்டேங்குதுங்க. சாயந்தரம் டிரிப்புக்கு வாங்கிக்கறேன்."

சின்னராசு போய்விட்டார். புடவை எடுத்துக் கொடுக்கிறவன் ஒருத்தன், மடித்து வைக்கிற பீரோ மட்டும் நானா என்று கவுஸ் பாஷா மனசுக்குள் பொருமினார். இருந்தாலும் பென்டிரைவைச் சொருகினார். முடியாது என்று சொன்னால் அதுவும் எதிர்க்கடைக்குத்தான் போகும். அப்புறம் சின்னராசு இந்தப் படியை மிதிக்கவே மாட்டார்.

உள்ளே பாட்டுகளுக்குப் பெயரே இல்லை. ஒன்றிலிருந்து நூற்று அறுபத்து நாலு வரை வெறும் எண். அத்தனையையும் பிடித்து இழுத்துத் தன் இருபத்தோராயிரம் பாட்டு இருக்கிற நூலகத்துக்குள் போட்டார். பச்சைக் கோடு ஓடி நின்றது. மொத்தக் கணக்கைப் பார்த்தார். மூன்றே மூன்று பாட்டு கூடியிருந்தது.

மறுபடி இழுத்துப் போட்டார். இந்தத் தடவை அந்த மூன்றுகூட ஏறவில்லை.

முதலில் அவருக்குச் சந்தோஷம்தான். "டுபாக்கூர் சரக்கு" என்றார் வாய்விட்டு. ஃபைல் கெட்டிருக்கும். ஏழாம் எண்ணைத் தட்டினார். கண்ணாடி மாதிரி பாடியது. அறுபதாம் எண்ணும் பாடியது. தனியாகத் தட்டினால் எல்லாம் பாடுகிறது, நூலகத்துக்குள் மட்டும் வர மாட்டேன் என்கிறது. ஃபைல் வேறு வகையாக இருக்குமோ என்று பார்த்தார். எல்லாம் எம்பி3. பூட்டுப் போட்டிருக்கிறானோ என்று பார்த்தார். பூட்டில்லை. பென்டிரைவில் கோளாறோ என்று கம்ப்யூட்டரில் நகலெடுத்து அங்கிருந்து ஏற்றினார். ஏறவில்லை. எண்களை அழித்துப் பத்துப் பாட்டுக்கு வேறு பெயர் வைத்தார். ஏறவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். கவர் வாங்க வந்த ஒரு பெண்ணைப் பார்க்காமலே "இல்லம்மா" என்று அனுப்பினார். கவர் கண்ணெதிரே தொங்கியது.

எதிர்க்கடையில் ஜெயப்பிரகாஷ் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போய்க் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவான். அதற்குக் கடையை இழுத்துச் சாத்தலாம்.

பசி வந்தபோதுதான் அந்த மூன்று பாட்டின் நினைவு வந்தது. மற்றவை ஏறாதபோது அவை மட்டும் ஏன் ஏறின? தேடி எடுத்துக் கேட்டார். மூன்றும் புதுசு, அவரிடம் இல்லாதவை. அப்படியென்றால் மற்றவை ஏற்கெனவே உள்ளே இருப்பவையா? நூலகத்தின் அமைப்புகளைத் திறந்தார். வருஷங்களுக்கு முன் ஒரே பாட்டு ஏழெட்டுத் தடவை சேர்ந்து எரிச்சலூட்டியபோது அவரே ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தார்: உள்ளே இருக்கிற பாட்டையே திரும்பச் சேர்க்காதே. வெளியே எந்தப் பெயரோ எண்ணோ இருந்தாலும் உள்விவரத்தைப் பார்த்து அது ஒதுக்கிவிடும். ஏழாம் எண்ணின் உள்விவரத்தைத் திறந்தார்.

கவுஸ் மொபைல்ஸ், கள்ளக்குறிச்சி.

அறுபதைத் திறந்தார். கவுஸ் மொபைல்ஸ். நூற்றிரண்டைத் திறந்தார். கவுஸ் மொபைல்ஸ். இரண்டு மாசமாக எந்தப் பாட்டைக் கேட்டு வயிறெரிந்தாரோ, அதில் மூன்றைத் தவிர அத்தனையும் அவர் வீட்டுப் பாத்திரம்.

"திருட்டுப் பயலே" என்றார். "பேரக்கூட அழிக்கத் தெரியாத திருட்டுப் பயலே."

அதோடு விட்டிருந்தால் அவர் வெறும் ஏமாந்த மனிதர். ஆனால் காது சும்மா இருக்கவில்லை. ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான். முதல் பாட்டு ரோட்டோரக் கரும்புக் காட்டைத் தாண்டுகிற வேகத்தில் போனது. ஐந்தாவது மெல்லத் தணிந்தது. எட்டாவதில் தபேலா கியர் மாற்றுகிற மாதிரி ஒரு இடத்தில் நின்று இழுத்தது. பதின்மூன்றாவது ஒரே புல்லாங்குழல், மேலே ஏறியாயிற்று, காற்று வருகிறது என்கிறாற்போல. பதினெட்டு வருஷமாக மலைக்குப் பாட்டு ஏற்றுகிற கவுஸ் பாஷா ஒரு தரமும் மலை ஏறியதில்லை. அன்று மேசைமுன் உட்கார்ந்தபடியே ஒரு மலை அவருக்குத் தெரிந்தது. பாட்டெல்லாம் அவருடையவை. மலை மட்டும் அந்தப் பையனுடையது.

திருட்டைப் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த மலையைத்தான் பொறுக்க முடியவில்லை. பென்டிரைவைச் சுத்தமாக அழித்தார். நூற்று அறுபத்து நாலு பாட்டையும் தன் நூலகத்திலிருந்தே மறுபடி ஏற்றினார், ஒன்று குறையாமல், அகரவரிசையில். பையனுடைய எண்களை எங்கேயும் எடுத்து வைக்கவில்லை.

சாயங்காலம் சின்னராசு வந்தார். கவுஸ் பாஷா திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"படி, இன்னா எழுதியிருக்கு?"

"உங்க கட பேரு."

"எல்லாத்துலயும் இருக்கு. எம்பாட்ட எடுத்து நம்பர் போட்டு உன்னாண்டயே வித்திருக்கான். நீ அவங்கூட டீ குடிச்சிக்கினு ஒக்காந்திருக்க."

சின்னராசு பின்கழுத்தைச் சொறிந்தார். "அது இல்ல பாய், அது வந்து இன்னான்னா..."

வெளியே கண்டக்டர் சிவசங்கர் விசில் ஊதினார். பஸ்ஸை எடுக்க நேரமாகிவிட்டது. சின்னராசு பென்டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரி பாய்" என்று இறங்கி ஓடினார்.

மறுநாள் டீக்கடையில் கவுஸ் பாஷா இன்னும் நாலு டிரைவர்களிடம் சொன்னார். சத்தம் போடவில்லை. "பாவம், சின்னப் பையன், சொந்தமா பாட்டு இல்ல" என்று இரக்கப்படுகிற மாதிரிதான் சொன்னார். அது சத்தத்தைவிடச் சீக்கிரம் பரவியது. சங்கராபுரம் பஸ்காரர்கள் எதிர்க்கடைக்குப் போவதை நிறுத்தினார்கள், பிறகு ஜீப்காரர்கள். ஜெயப்பிரகாஷ் சண்டைக்கு வரவில்லை. ஒரு நாள் படிவரைக்கும் வந்து நின்றான். "இன்னா தம்பி?" என்றார் இவர். "ஒண்ணுமில்ல பாய்" என்று திரும்பிப் போனான். ஆனி பிறப்பதற்குள் கடையைக் காலி செய்துவிட்டு ஓசூரில் ஏதோ கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை. வெள்ளிமலை பஸ் உள்ளே வரும்போது ஒரு பாட்டு முடிந்து கவுஸ் பாஷா நினைத்த பாட்டே வந்தது. சின்னராசு பழையபடி நாலு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார். அன்று பாதியில் விட்ட பேச்சை அவர் எடுத்தபோதெல்லாம் இவர் காது கொடுக்கவில்லை.

ஐப்பசியில் வெள்ளிமலையில் இன்னொரு கடை போடலாமா என்று இடம் பார்க்கக் கவுஸ் பாஷா முதல்முறையாக அந்தப் பஸ்ஸில் ஏறினார். டிரைவருக்குப் பின்சீட்டு. கச்சிராயபாளையம்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மலை ஏற ஆரம்பித்ததும் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு இடித்தது. சின்னராசு ஒரு கையால் வளைவை ஒடித்து இன்னொரு கையால் சத்தத்தைக் குறைத்தார். அடுத்த வளைவில் ஒரு அழுகைப்பாட்டு வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெரியம்மாள், "நிறுத்துப்பா அத்த, தல சுத்துது" என்றாள்.

கவுஸ் பாஷா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிக்கெட் கிழிக்க வந்த சிவசங்கர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தத் தம்பி வரிச இருந்தப்போ இந்தத் தொல்ல இல்ல பாய்."

"எம்பாட்டத் திருடினவன் வரிச."

"திருடினானா? சின்னராசு அண்ணந்தான் பென்டிரைவ குடுத்தாரு. 'பாட்டு பாயோடது, மலைக்குத் தக்கன மாத்தி மட்டும் குடு'ன்னாரு. 'பாய் பேர அழிக்க மாட்டேண்ணே'ன்னு அவனேதான் சொன்னான்."

சிவசங்கர் பையிலிருந்த சில்லறையைக் குலுக்கிக்கொண்டே பேசினார்.

"ஒம்போது ஞாயித்துக்கெழம வந்தான் பாய். டிக்கெட் வாங்கிக்கினு, இதே சீட்ல, மடியில நோட்டு. எந்த வளைவுல இன்னா பாட்டுன்னு எழுதிக்கினே வருவான். அவனுக்கு மலை ஒத்துக்கல. ஒம்போது வாட்டியும் வாந்தி எடுத்துக்கினேதான் வந்தான்."