எண்ணெய் தேய்த்துக் குளித்த கார்

கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வாங்கப் போன என் கணவர், மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கினார். மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பழைய எஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுப் போனவர். அவர் போவதற்குள் எஞ்சினை வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள். சீமைக்குத் திரும்பிப் போன துரை விட்டுச்சென்ற கார் மட்டும் கொட்டகையில் நின்றிருக்கிறது. வெறுங்கையோடு வீட்டுக்கு வர அவருக்கு மனம் வரவில்லை.

மாமனார் களத்திலிருந்து வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். மேலே கூரை இல்லை. பின்னால் சீட் இல்லை.

"இது எத்தன அடி ஆழத்துலருந்து தண்ணி எடுக்கும்?" என்று கேட்டார்.

கணவர் தலையைச் சொறிந்துகொண்டு குளிக்கப் போய்விட்டார்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் தோட்டம் வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், எல்லைக்குக் கேரளத்துப் பக்கம். வீட்டில் பதினோரு பேர். எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். பகலில் பெரியவர்கள் முன்னால் புருஷனோடு நின்று பேசும் வழக்கம் எங்களிடம் கிடையாது. இரவுக்கு எங்களுக்கென்று ஒரு அறை உண்டுதான், ஆனால் அதன் சுவர் கூரை வரை போகவில்லை. நான் தும்மினால் பக்கத்து அறையிலிருந்து மாமியார் கசாயம் வைக்கச் சொல்வார். கோயிலுக்கோ விசேஷத்துக்கோ போனால் வண்டியில் கூடவே ஆறு பேர். அந்த ஐந்து மாதத்தில் அவரிடம் ஒரு பேச்சை ஆரம்பித்து முடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் எல்லோரும் அந்தக் காரில் என்னென்ன இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தபோது நான் இருப்பதைப் பார்த்தேன். இரண்டு சீட். எவ்வளவு நெருக்கியடித்தாலும் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. எனக்குக் கார் உடனே பிடித்துவிட்டது.

அவருக்கும் அந்த எண்ணம் இருந்திருக்க வேண்டும். கை கழுவத் தண்ணீர் ஊற்றப் போனபோது, குனிந்த தலை நிமிராமல், "மறையூருக்குப் போலாம். வெல்லம் வாங்கப் போறோம்னு சொல்லிக்கலாம்," என்றார். எங்கள் வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் சும்மா வெளியே போக முடியாது. எதையாவது வாங்கப் போகலாம்.

ஆனால் மாமனார் தடை போட்டுவிட்டார். காரணம் காரின் நிறம். கருப்பு என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். கொட்டகையின் ஒழுகலிலும் பனியிலும் வருஷக்கணக்கில் கேட்பாரற்று நின்று அது சாம்பல் பூத்துப் போயிருந்தது. விரலால் தொட்டால் விரலில் ஒட்டியது. வழியில் யாரோ என் கணவரை நிறுத்தி, எந்த ஊரில் தீப்பிடித்தது என்று விசாரித்தார்களாம்.

"நாலு பேர் பாக்கறாப்ல ஆகற வரைக்கும் வாசலத் தாண்டப்படாது," என்றார் மாமனார். "தை மாசம் புள்ளைக்கு நிச்சயம். அதுக்குள்ள ஆகலீன்னா சந்தைக்கு ஓட்டிருவேன்."

புள்ளை என்றது என் நாத்தனாரை. சந்தை என்றது வேலந்தாவளம் மாட்டுச் சந்தையை. காரை மாட்டுச் சந்தையில் யார் வாங்குவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மாமனார் சொன்னால் ஓட்டிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வழியையும் அவரே சொன்னார். சந்தைக்குப் போகும் முன்பு எருமைக்கு விளக்கெண்ணெய் தேய்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எப்பேர்ப்பட்ட கிழட்டு எருமையும் அன்றைக்குக் கன்னங்கரேலென்று மின்னும். கருப்பாக இருக்க வேண்டிய ஒன்று வெளுத்துப்போனால் அதற்கு எண்ணெய்தான் மருந்து என்பதில் அந்த வீட்டில் இரண்டு கருத்து இல்லை. எனக்கும் சந்தேகம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நானும் நாத்தனாரும் ஒரு காலை நேரம் முழுக்கத் தேய்த்தோம். கார் எண்ணெயைக் குடித்தது. ஊற்ற ஊற்றக் குடித்தது. மத்தியானம் பார்த்தால் நல்ல கருப்பு. மாமனார் வந்து அதன் பின்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "இப்பத்தான் உருப்படியா இருக்குது," என்றார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் குறை.

சாயங்காலம் களத்தில் நெல் தூற்றினார்கள். ஐப்பசிக் காற்று எங்கள் பக்கம் வீசியது. பதர், தூசி, வைக்கோல் துணுக்கு எல்லாம் பறந்து வந்து காரின் மேல் உட்கார்ந்தன. உட்கார்ந்தவை எழுந்திருக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கார் முழுக்க ரோமம் முளைத்துவிட்டது. இரண்டு கோழிகள் அதன் மேல் ஏறி நின்று நெல் பொறுக்கின. கணவர் வயலிலிருந்து வந்து பார்த்துவிட்டு, மறுபடியும் வயலுக்கே போனார்.

நான் அழுதேன். மறையூர் கையைவிட்டுப் போனதற்காக அழுகிறேன் என்று யாருக்கும் தெரியாது. காருக்காக அழுகிற மருமகளை மாமியார் அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறார்.

"எண்ணெ தேச்சா குளிக்க வெக்கோணுமல்ல," என்றார் அவர். "அரப்பக் கரைச்சுத் தேயி, அம்மிணி."

சனிக்கிழமை அன்று காருக்கு எண்ணெய்க் குளியல் முடிந்தது. வடித்த கஞ்சியில் அரப்புத் தூளைக் கரைத்து, பழைய வேட்டித் துணியால் கதவிலிருந்து ஆரம்பித்தேன். பதர் போயிற்று, எண்ணெயும் போயிற்று. துணியைத் திருப்பிப் பார்த்தால் மைபோல் கருப்பு. பிழிந்தால் கருப்புத் தண்ணீர்.

"சாயம் போகுது," என்றார் மாமியார், மட்டமான சேலையைப் பார்த்த குரலில்.

நான் கையை எடுத்துவிட்டேன். இருக்கிற கொஞ்சநஞ்சக் கருப்பையும் நானே கழுவி ஊற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கணவர் பொள்ளாச்சியிலிருந்து லாரிக்குப் பெயின்ட் அடிப்பவர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் கதவருகில் குத்தவைத்து உட்கார்ந்து, நான் தேய்த்த இடத்தில் கன்னத்தை ஒட்டவைத்துப் பார்த்தார்.

"ஆருங்க இதுக்கு எண்ணெ ஊற வெச்சது?"

மாமனார் வானத்தைப் பார்த்தார்.

"நல்லதுங்க. காஞ்ச பெயின்ட்டு எண்ணெயக் குடிச்சு எளகிருச்சு. இப்ப துணியில வர்றது செத்துப்போன பெயின்ட்டுங்க. உசுரோட இருக்கறது அடியில இருக்குது. வழிச்செடுத்தா வந்துரும்."

மாமனார் வானத்திலிருந்து பார்வையை இறக்கி, "நாந்தான் வெக்கச் சொன்னேன்," என்றார்.

பெயின்டர் ஒரு டப்பாவில் மணல் கலந்த வெண்ணெய் போன்ற பசையைக் கொடுத்தார். காம்பவுண்டு என்று பேர். ஒரு நேரத்தில் உள்ளங்கை நாலு அகலம்தான் தேய்க்க வேண்டும், வட்டமாகச் சுற்றாமல் நேராக இழுக்க வேண்டும், துணியில் கருப்பு வெளிறும்போது நிறுத்திவிட வேண்டும் என்றார். "ஓரத்துல மட்டும் கை வெச்சுறாதீங்க. அங்க பெயின்ட்டு மெலிசு," என்று போகும்போது திரும்ப வந்து சொன்னார்.

கார்த்திகை முழுக்கத் தேய்த்தேன். சமையல் முடிந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பிறகு கிடைக்கும் நேரத்தில், கொட்டகையில் தினமும் நாலு உள்ளங்கை. நாத்தனார் கூட இருந்து துணி மாற்றிக் கொடுத்தாள். மாமனாரின் பழைய வேட்டிகள் ஒவ்வொன்றாகக் கருப்பாகிக் கொடியில் தொங்கின. தபால்காரர் அவற்றைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "இவிடெ ஆராணு மாலயிட்டது?" என்று கேட்டார். சபரிமலைக்கு இந்த வீட்டிலிருந்து யாரும் போகவில்லை, காருக்குத்தான் விரதம் என்று நான் சொல்லவில்லை. மருமகள் தபால்காரரிடம் பேசக் கூடாது.

கணவர் மாலையில் வந்து பின்னால் நிற்பார். "இங்க கொஞ்சம் உட்டுப்போச்சு," என்பார். வேலை செய்கிறவள் கையில் துணியும் காம்பவுண்டும் இருக்கும்போது இப்படிப் பேசுவது புத்திசாலித்தனம் இல்லை. ஆனால் அவர் தினமும் வந்தார், அதனால் மன்னித்தேன்.

மார்கழியில் ஒரு நாள் கதவில் என் முகம் தெரிந்தது. முதலில் பொட்டு, அப்புறம் மூக்குத்தி, அப்புறம் நான். அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் பெயின்டர் சொன்னதை மறந்து முன்பக்கத்து எஞ்சின் மூடியின் ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். அந்த இடத்தில் காலணா அளவுக்குச் சிவப்பு எட்டிப் பார்த்தது. அடியில் பூசும் செம்பெயின்ட். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். மாமியார் நெருங்கிப் பார்த்தார். நிச்சயத்தன்று வாசலில் கருப்பு வண்டி நிற்கலாமா என்று ஒரு மாதமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் அவர்.

"பொட்டு வெச்சாப்ல இருக்குது. இனிக் குத்தமில்ல," என்று சொல்லி, மேலே கொஞ்சம் குங்குமத்தையும் அப்பிவிட்டுப் போனார்.

நிச்சயத்துக்கு மறுநாள் மறையூர் என்று முடிவாயிற்று. மாமியாரே வெல்லத்துக்குச் சரி சொல்லிவிட்டார். நான் பச்சைச் சேலையை எடுத்து வைத்தேன். என்னென்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் உடுமலைப் பக்கத்திலிருந்து வந்தார்கள். கார் வாசலில் பளபளவென்று நின்றது. மாப்பிள்ளை பெண்ணை ஒரு தடவை பார்த்தார். காரை ஆறு தடவை சுற்றினார். யார் பாலிஷ் போட்டது என்று கேட்டார்.

"ஊட்டுலயே செஞ்சதுங்க," என்றார் மாமனார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் சிரித்துக்கொண்டே, "பையனுக்கு வண்டி புடிச்சுப்போச்சாட்ட இருக்குதுங்க," என்றார்.

"புடிச்சா எடுத்துக்கிட்டுமுங்க. சீரோட சேத்து அனுப்பிச்சுர்றோம்," என்றார் மாமனார்.

அவ்வளவுதான். அதற்குள் தட்டு மாற்றிக்கொண்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். எனக்குக் கோபம். மாமனார் மேல், மாப்பிள்ளை மேல், தலையைக் குனிந்து ஜமக்காளத்தின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் மேல் எல்லோரையும்விட அதிகமாக.

நாத்தனார் பட்டுச் சேலை சரசரக்க உள்ளே வந்து என் கையைப் பிடித்தாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். "நங்கையா, எனக்குக் கார் வேண்டாம்னு சொல்லட்டுங்களா?"

சொல்லு என்று வாய்வரை வந்தது. "பேசாம போய் உக்காரு," என்றேன். நிச்சயத்தன்று பெண் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாப்பிள்ளை இன்னொரு டம்ளர் கேட்டார்.

மாசியில் கல்யாணம். பெண்ணுக்குச் சீர் கொண்டுபோவது அண்ணனும் அண்ணியும் செய்ய வேண்டிய முறை. சீரில் காரும் ஒன்று. ஆகவே காரை நாங்கள் இரண்டு பேரும்தான் ஓட்டிப்போய்க் கொடுக்க வேண்டும் என்பது மாமனார் திட்டமிட்டு வந்ததல்ல, முறையால் வந்தது. மற்றச் சீர் எல்லாம் முன்பே வண்டியில் போய்விட்டது. என் மடியில் ஒரு தாம்பாளம், அதில் வாழைப்பழச் சீப்பு, தேங்காய். பச்சைச் சேலைதான் கட்டியிருந்தேன்.

கூரையில்லாத காரில் பேச முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. வாயைத் திறந்தால் காற்று வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. நான் ஒன்று சொன்னேன், அவர் "ஏ?" என்றார். அவர் ஒன்று சொன்னார், எனக்கு எஞ்சின்தான் கேட்டது. பொள்ளாச்சி தாண்டியதும் அவர் காரை மாட்டுவண்டி வேகத்துக்குக் கொண்டுவந்தார். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டினார்கள். அவர் கவலைப்படவில்லை. எனக்கு எந்த மாதிரிச் சாம்பார் பிடிக்கும் என்று கேட்டார். கல்யாணமாகி ஒன்பது மாதம், நானே தினமும் வைக்கிற சாம்பார். சொன்னேன். சின்ன வயதில் நீச்சல் தெரியாமல் தான் கிணற்றில் விழுந்த கதையைச் சொன்னார். நான் சிரித்ததில் தேங்காய் உருண்டு காலடியில் விழுந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரம் குறைவு.

உடுமலையில் மறையூர் ரோடு பிரிகிற இடத்தில் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு மலைப்பக்கம் பார்த்தார்.

"இந்த ரோடுதான்," என்றார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருப்பியிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும். சீர் இறக்க நல்ல நேரம் பதினொன்றுக்குள் என்று குறித்துக் கொடுத்திருந்தார்கள். வாசலில் ஆரத்தித் தட்டோடு அவர்கள் நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"நேரமாச்சுங்க," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் காரை எடுத்தார். அன்று வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

மாப்பிள்ளை வீட்டில் ஆரத்தி எடுத்தார்கள், விருந்து போட்டார்கள். சாவியை அவர் கொடுத்தார். எண்ணெய் மட்டும் தேய்க்காதீர்கள் என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினோம். பெண்களுக்கு முன்பக்கத்து சீட், ஆண்களுக்குப் பின்பக்கத்து சீட். நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பஸ் கூட்டம் நின்றது. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார்.

"பின்னால எடுப்பாங்க," என்றேன்.

"பின்னால ஆருங்க?"

திரும்பிப் பார்த்தேன். அத்தனை தலைகளுக்கு நடுவில் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.