நான் நிமிர்த்திய குழாய்கள்

பீங்கான் தொழிலில், சூளைக்குள் வைத்த வடிவத்திலேயே ஒரு பொருள் வெளியே வந்தால் அதுதான் செய்தி. பச்சை மண்ணாக உள்ளே போவது வெந்து, சுருங்கி, சூட்டில் கொஞ்சம் இளகி, தன் இஷ்டத்துக்கு நெளிந்து வரும். அதைத் தடுப்பதுதான் விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் எனக்குக் கொடுத்த வேலை. ஆறு மாதம் பயிற்சி. ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம். வீட்டில் முதல் பட்டதாரி நான். கருவேப்பிலங்குறிச்சியில் அம்மா ஊரெல்லாம் சொல்லி என்னை எப்போதோ நிரந்தரமாக்கிவிட்டார்.

முதல் சம்பவம் நான் பார்த்ததில்லை. சூளையில் சாமான் அடுக்கும் செல்வி அக்கா சொல்லிக் கேட்டது.

சுற்றிய தட்டு

எனக்கு முன்பு இருந்த இஞ்சினியர், தட்டு அச்சின் நடுப்பகுதி லேசாக மேடாக இருப்பதைப் பார்த்துத் தேய்த்துச் சமமாக்கிவிட்டாராம். சூளையில் தட்டின் நடுப்பகுதி தொய்யும் என்பதற்காகவே வைத்த மேடு அது. வெந்து வந்த தட்டுகள் நடுவில் தொங்கி, அந்த ஒரு இடத்தில் மட்டும் மேசையைத் தொட்டன. அவை வேப்பூர் ஓட்டல்காரர் ஒருவருக்குப் போயின. மூன்றாம் நாள் அவர் போன் செய்தாராம்: "தட்டுல கை வெச்சா சுத்துதுங்க. பஸ்ஸுக்கு அவசரமா சாப்புடறவரு இட்லியத் தொரத்திக்கிட்டு இருக்காரு."

அடி விரிந்த ஜாடி

சூளையில் ஒவ்வொரு ஜாடிக்கும் அடியில் அதே மண்ணில் செய்த ஒரு பச்சை வட்டு வைப்பார்கள். வெந்ததும் தூக்கி எறிந்துவிடுவார்கள். வீணாகிறதே என்று, ஏற்கெனவே வெந்த வட்டுகளைப் பத்து ஜாடிகளுக்கு வைக்கச் சொன்னேன். பச்சை வட்டு ஜாடியோடு சேர்ந்து சுருங்கும். வெந்த வட்டு தானும் சுருங்காது, ஜாடியின் அடியையும் சுருங்க விடாது. சூளையைத் திறந்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது. செல்வி அக்கா ஒரு ஜாடியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "என்னா தம்பி, பாவாட கட்டி அனுப்பிட்டீங்க?"

முப்பது குழாய்கள்

கோயம்புத்தூரில் ஹீட்டர் செய்கிற ஒருவர் மாதிரிக்கு நூறு பீங்கான் குழாய்கள் கேட்டார், ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். நேராக வந்தால் பெரிய ஆர்டர். என் நிரந்தரமும் அதோடுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். எந்திரத்திலிருந்து ஈரமாக வந்த குழாய்களை அடுக்கிய பலகைகளில் ஒன்று வளைந்திருந்தது. அதிலிருந்த முப்பதும் வளைந்துவிட்டன. யாரும் பார்ப்பதற்குள் ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். காய்ந்ததும் அளந்தேன். நேராகவே இருந்தன.

சூளையைத் திறந்தபோது எழுபது நேர், முப்பது வளைவு. சூளைக்குள் அடுக்கியது யார் என்று முதலாளி கேட்டார். செல்வி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தார். "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார் முதலாளி. அக்கா சாப்பாட்டுக் கூடையை எடுத்த பிறகுதான் வாய் திறந்தேன். "சார், அந்த முப்பதும் ஈரத்துலயே வளைஞ்சிருந்திச்சு. நாந்தான் நிமித்துனேன்." முதலாளி நம்பவில்லை. "நிமித்துனது எப்படிய்யா திரும்ப வளையும்? அந்தம்மாவக் காப்பாத்தப் பொய் சொல்றியா?"

குறி போட்ட ஐந்து

அந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. அதனால் ஒரு சோதனைக்கு அனுமதி கேட்டேன். ஐந்து ஈரக் குழாய்களில் குறி போட்டு, வளைத்து, போனில் படம் எடுத்து, பிறகு நிமிர்த்தி, மாதிரிக்காக மறுபடி செய்த நூறோடு சேர்த்து அக்காவிடமே அடுக்கக் கொடுத்தேன். சூளையைத் திறக்கும்வரை அக்காவுக்கு வேலை உண்டு என்று முதலாளி ஒத்துக்கொண்டார்.

குறியில்லாத நூறும் நேராக வந்தன. குறி போட்ட ஐந்தில் நான்கு, நான் வளைத்த பக்கமே வளைந்திருந்தன. ஈர மண்ணை வளைத்தால் உள்ளே துகள்கள் அந்தப் போக்கில் படிந்துவிடும், வெளியே நிமிர்த்தினாலும் சூட்டில் அது தலைகாட்டும் என்று பிறகு படித்தேன். வளைந்ததைக் கரைத்து மறுபடி மண்ணாக்குவதுதான் ஒரே வழி. ஆர்டர் கிடைத்தது. அக்காவின் வேலை நிலைத்தது. மறைத்ததற்காக என் நிரந்தரம் மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போனது. "மூணு மாசம் ஓடிப் போயிடும் தம்பி" என்றார் அக்கா. "அதுவரிக்கும் அந்த ஸ்கேல எங்கிட்ட குடுத்து வைங்க."

ஐந்தாவது குழாய் மட்டும் ஏன் நேராக வந்தது என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்துவிட்டு, போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: அதற்குக் குறி போட்டிருக்கிறேன், வளைக்கத்தான் மறந்திருக்கிறேன்.