துண்டு மாற்றும் இடம்

"வண்டிய ஓரங்கட்டும். எறங்கி வாரும். எந்தப் பக்கம் நிக்கீருன்னு நீரே பாரும்."

பண்ருட்டி ரோட்டில் ஓர் ஏட்டு தன் சைக்கிளை என் லாரிக்குக் குறுக்கே நிறுத்திக்கொண்டு இப்படிச் சொன்னபோது, அவர் என்ன சொல்கிறார் என்றே எனக்கு விளங்கவில்லை. இறங்கிப் பார்த்தேன். லாரி ரோட்டின் வலது பக்கம் நின்றுகொண்டிருந்தது. எதிரே முறையாகத் தன் பக்கம் வந்த ஒரு மாட்டு வண்டி மண்ணில் இறங்கி நின்றது. பலாப்பழ லோடு. அந்த வண்டிக்காரர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

நான் குடித்திருக்கவில்லை. தூங்கி வழியவும் இல்லை. பண்ருட்டி மண்டியில் பலாப்பழ லாரியில் கிளீனராக இருந்து ரோடு பழகியவன். அப்படிப்பட்டவன் பட்டப்பகலில் ராங் சைடில் எப்படி வந்தான் என்று கேட்டால், முதலில் ராம்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1. ராம்ப்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நெய்வேலியில் நிலக்கரி இன்னும் வெளியே வரவில்லை. எல்லாமே மேல்மண் தோண்டுகிற வேலைதான். பெரிய பெரிய மெஷின்கள் ஒரு பக்கம் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எங்களைப் போன்ற காண்ட்ராக்ட் லாரிகள் இன்னொரு பக்கம் மண் அடித்துக்கொண்டிருந்தன. டவுன்ஷிப் என்பது செம்மண்ணில் கோடு போட்டு வைத்த பிளாக்குகளும், கூண்டு கட்டிய மரக்கன்றுகளும்தான். இன்று அந்த மரங்களுக்கு அடியில் கார் நிறுத்த இடம் பிடிக்கச் சண்டை போடுகிறார்கள்.

பள்ளத்துக்குள் இறங்கி ஏற மண்ணிலேயே வெட்டிய சரிவுப் பாதைதான் ராம்ப். மேலே ஏறும்போது வலப்பக்கம் மண் சுவர், இடப்பக்கம் பள்ளம். முதல் நாள் காலையில் எங்கள் மேஸ்திரி கண்ணுசாமி என்னை அங்கே நிறுத்திச் சொன்னார்:

"இத பாருப்பா வீராசாமி. வெளிய ரோட்டுல நீ எப்படி வேணா ஓட்டிக்க. இங்க லோடு வண்டி செவுத்துப் பக்கம், காலி வண்டி பள்ளத்துப் பக்கம். மழ பேஞ்சா ஓரம் சரியும். லோடோட அந்தப் பக்கம் போனீன்னா உன்னத் தூக்க இன்னொரு லாரி வோணும்."

அதாவது ஏறினாலும் வலது, இறங்கினாலும் வலது. காலை முழுக்க அப்படித்தான் மண் அடிப்போம். சாப்பாட்டுக்குப் பிறகு அதே லாரியை எடுத்துக்கொண்டு, டவுன்ஷிப் வேலைக்கு ஜல்லி ஏற்ற வெளி ரோட்டுக்குப் போவோம். சுரங்க ரோடு வெளி ரோட்டைத் தொடுகிற முனையில் ஒரு முந்திரி மரம் நின்றது. என்ன காரணமோ, அதை மட்டும் யாரும் வெட்டவில்லை. அந்த மரத்தைத் தாண்டினால் இடது. மூளைக்கு இது தெரியும். கைக்குத்தான் தெரியாது.

எங்களில் ராங் சைடு போகாத டிரைவரே கிடையாது. என் கூட்டாளி பாவாடை, காடாம்புலியூர்க்காரன், ஒருநாள் டவுன்ஷிப்பில் பொண்டாட்டியை சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு வலது பக்கமாகவே மார்க்கெட் வரைக்கும் போயிருக்கிறான். கேட்டதற்கு, "பின்னாடி லோடு இருந்துச்சு மாமா, அதான் செவுத்தோரமா போய்ட்டேன்" என்றான். நான் சிரித்தேன். அவன் பொண்டாட்டி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

2. ஏட்டு சுடலைமுத்து

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அதுவரைக்கும் எங்களைக் கேட்க ஆளில்லை. எப்போதாவது பிரேக் இன்ஸ்பெக்டர் ஜீப் வந்தால், எதிரே வருகிற லாரி ஹெட்லைட்டைச் சிமிட்டிச் சொல்லிவிடும். வண்டியை முந்திரித் தோப்புக்குள் விட்டுவிட்டு பீடி குடித்துக்கொண்டிருப்போம். சைக்கிளில் வருகிற ஏட்டுக்கு யார் சிமிட்டுவது?

பின்னால் விளக்கு எரியவில்லை, ஹாரன் இல்லை, லோடு மேல் ஆள் என்று சின்னச் சின்னக் கேஸ்கள்தான். ஆனால் மனிதர் நியாயஸ்தர். ஒருமுறை பாவாடையின் நம்பர் பிளேட் களிமண்ணில் மூடிக் கிடந்தது. பாவாடை சளைக்கவில்லை.

"ஏட்டையா, உள்ள இருக்கிற களி எங்க பேச்சக் கேக்காதுங்க."

"அங்க வாய்க்கால்ல தண்ணி ஓடுதுல்லா, அது கேக்குமா பாரும்."

சுரங்கத்திலிருந்து இறைத்து விடுகிற தண்ணீர் இரவும் பகலும் வாய்க்காலில் ஓடும். பாவாடை வாளி வாளியாக மொண்டு கழுவினான். அத்தனை நேரமும் ஏட்டு நின்று பார்த்தார். கேஸ் எழுதவில்லை. அவன் கொடுத்த டீயையும் குடிக்கவில்லை. அதிலிருந்து அவர் மேல் எங்களுக்குப் பயத்தோடு ஒரு மரியாதையும் வந்தது.

ஆனால் ராங் சைடு விஷயத்தில் மட்டும் அவர் இறங்கி வரமாட்டார். வேறு ஊரில் அப்படி ஒரு லாரி ஒரு பஸ்ஸில் மோதியதைப் பார்த்தவராம்.

3. என் கேஸ்

மாட்டு வண்டிக்கு எதிரே நான் நின்ற அந்த நாளுக்கு வருகிறேன். அது சாதாரண நேரமாக இருந்தால், கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்து அடுத்த லோடு அடித்திருப்பேன். அந்த மாதம் அப்படி இல்லை. காண்ட்ராக்ட் டிரைவர்களிலிருந்து சிலரைப் பொறுக்கிப் பர்மனன்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு உறுதியாகியிருந்தது. இன்டர்வியூவுக்கு என் பெயர் வந்துவிட்டது. லைசென்ஸில் எண்டார்ஸ்மென்ட் இருந்தால் எடுக்கமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ராங் சைடு கேஸில் கோர்ட் தண்டித்தால் லைசென்ஸில் குறித்துவிடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் யாரும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை. முத்தாண்டிக்குப்பத்தில் அப்பா, அம்மா, நான், எல்லோரும் ஊரான் தோப்பில் முந்திரி பொறுக்கியவர்கள். தோப்புக்காரர் வரச் சொன்னால் வேலை, இல்லையென்றால் இல்லை. என் மனைவி அஞ்சலை காண்ட்ராக்ட் கேம்ப் குடிசையில் பொங்கிக்கொண்டே, புதுக் குவார்ட்டர்ஸில் அடுப்பு எந்த மூலையில் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். சித்தாள் வேலைக்குப் போகிற வழியில் ஒரு காலி வீட்டின் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டும் வந்திருந்தாள்.

"ஏட்டையா, தெரியாம வந்துட்டேங்க. காலையிலேர்ந்து உள்ள ஓட்டிகினு இருந்தேன், அதே நெனப்புல வந்துட்டேங்க. இந்த மாசம் பர்மனன்டுக்குக் கூப்ட்ருக்காங்க."

அவர் எழுதிக்கொண்டே கேட்டார். நிமிர்ந்து, "உள்ள ஒரு பக்கம், வெளிய ஒரு பக்கமா? நல்ல கதையா இருக்கே வே. மாட்டுக்காரன் செத்திருந்தா அவன் பொஞ்சாதிகிட்ட இந்தக் கதைய சொல்லுவீரா?" என்றார்.

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னேன். அஞ்சலை திட்டவில்லை. "அந்த வூட்ல கொழா கூட அடுப்பாண்டயே இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம்.

4. சைக்கிள்

கோர்ட்டு நாளுக்கு முன்னால், டெல்லியிலிருந்து ஒரு பெரிய மனிதர் சுரங்கம் பார்க்க வருகிறார் என்று ஏற்பாடுகள் நடந்தன. ஜீப்பும் காரும் ராம்ப்பில் ஏறி இறங்கின. எங்கள் லாரிகளோடு அவை முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள போலீஸைப் போட்டார்கள். ராம்ப் திருப்பத்துக்கு வந்தவர் சுடலைமுத்து ஏட்டு.

அந்த வாரம் முழுக்க அவர் வெயிலில் நின்று, வருகிற ஜீப்பையெல்லாம் வலது பக்கம் தள்ளினார். விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். புதிதாக வந்த ஒரு ஜீப் டிரைவர் வழக்கம்போல இடது பக்கம் ஏறப் போனபோது ஏட்டு அவரைப் பிடித்து, "லோடு வண்டி செவுத்துப் பக்கம், தெரியாதா வே?" என்று சத்தம் போட்டாரே பார்க்கலாம். கண்ணுசாமி மேஸ்திரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரிக்கும் நிலையில் இல்லை. ஏட்டைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

பெரிய மனிதர் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலம், ஜல்லி ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். கேஸ் விழுந்த நாளிலிருந்து வெளி ரோட்டில் இடது ஓரத்தை விட்டு நகர்வதே இல்லை. முந்திரி மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு திருப்பம் உண்டு. திரும்பினேன். நேர் எதிரே, என் பக்கத்தில், ஒரு சைக்கிள்.

பிரேக்கை மிதித்தேன். ஜல்லி முழுக்க முன்னால் சரிந்து கேபினில் இடித்தது. சைக்கிள்காரர் ஹேண்டிலை ஒடித்து ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்தார். தொப்பி உருண்டு என் டயருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. போலீஸ் தொப்பி.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. எழுந்ததும் அவர் என்னைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். பிறகு லாரி நிற்கிற இடத்தைப் பார்த்தார். சைக்கிள் கிடக்கிற இடத்தைப் பார்த்தார். ரோட்டில் வேறு யாரும் இல்லை. நான் தொப்பியைத் தட்டிக் கொடுத்தேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் தொப்பியை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கேட்க மனம் வரவில்லை.

"ஏறிக்கங்க ஏட்டையா, டேசன்ல வுட்டுட்டுப் போறேன்."

சைக்கிளை ஜல்லி மேல் போட்டுக்கொண்டு போனோம். ஸ்டேஷனில் இறங்கும்போது அவர், "ஒரே வாரந்தான்டே ஆச்சு" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா, தெரியாது.

5. கோர்ட்

ஏட்டு கேஸை வாபஸ் வாங்கிவிடுவார் என்று பாவாடை அடித்துச் சொன்னான். வாங்கவில்லை. சம்மன் வந்தது. அஞ்சலையும் கூட வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். போய், பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் கேட்டார்: "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?"

"ஒத்துக்கறேங்க."

அவர் பேனாவை எடுத்தார். அப்போது சுடலைமுத்து ஏட்டு ஓரடி முன்னால் வந்து சல்யூட் அடித்தார்.

"ஐயா, நான் போட்ட கேஸ் சரிதான். அதுல மாத்தம் இல்ல. ஆனா போன வாரம் நானும் அதே ரோட்டுல அதே தப்பப் பண்ணினேன். இவரு லாரி முன்னாலதான் போய் விழுந்தேன். இவரு பிரேக் அடிக்கலேன்னா நான் இங்க நிக்கமாட்டேன். எம்மேல கேஸ் எழுத அங்க ஆள் இல்ல. அதான் இங்க சொல்லுதேன்."

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டார். ஏட்டு ராம்ப்பைப் பற்றிச் சொன்னார். நான் ரோட்டில் நின்று சொன்னதையே, ஒன்று விடாமல். அன்று நல்ல கதை என்றவர், இன்று அதைத் தன் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "சைக்கிளுக்கு லைசென்ஸ் கிடையாது, ஏட்டு. உமக்கு எண்டார்ஸ்மென்ட் போட வழியில்லை. இவருக்கும் வேண்டாம், எச்சரித்து விடுகிறேன். ஆனால் நாளைக்கு இன்னொரு டிரைவர் இதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு இங்கே வரக்கூடாது. அதற்கு நீர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்" என்றார்.

வெளியே வந்ததும் அஞ்சலை ஏட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு சைக்கிளைத் தேடினார். பஸ்ஸில் வந்திருந்தார் என்பது பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

6. முந்திரி மரம்

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அவர் முந்திரி மரத்தடியில் நின்றுகொண்டு எங்கள் லாரிகளை வரிசையாக நிறுத்தினார்.

"போலீஸ் டிரெய்னிங்ல எங்களுக்கு எடது வலது தெரியாதுன்னு, ஒரு கால்ல ஓலையும் ஒரு கால்ல சீலையும் கட்டி விட்டான். ஓலக்கால், சீலக்கால்னு சொன்னாத்தான் ஒழுங்கா நடப்போம். உங்களுக்கும் அதான் வைத்தியம். எல்லார் தோள்லயும் துண்டு கெடக்குல்லா? உள்ள இருக்கையில வலது தோள்ல போடும். இந்த மரத்துக்கு வந்ததும் எடது தோளுக்கு மாத்தும். துண்டு எந்தத் தோளோ, வண்டி அந்தப் பக்கம்."

பாவாடை கேட்டான்: "சட்டையே இல்லாம ஓட்றவன் என்னா பண்றதுங்க?"

"துண்டாவது இருக்கும்லா?"

அதிலிருந்து அந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தித் துண்டு மாற்றாமல் எந்த லாரியும் வெளியே போனதில்லை. டீக்கடையில் பார்த்தால்கூட, "துண்ட மாத்திட்டியா மாமா?" என்பதுதான் எங்கள் விசாரிப்பு. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு பிரேக்கைக் காட்டுவதற்கு முன்னால் மரத்தைக் காட்டினோம். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்து எங்களில் யார் மேலும் ராங் சைடு கேஸ் விழவில்லை. ஏட்டு சீக்கிரமே மாற்றலாகிப் போய்விட்டார். போகிற அன்று மரத்தடியில் நின்று எங்களை அனுப்பிவிட்டுத்தான் போனார்.

நான் பர்மனன்ட் ஆனேன். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அஞ்சலை எட்டிப் பார்த்த அதே வீடு இல்லை, அடுத்த பிளாக். குழாய் அடுப்புக்குத் தள்ளித்தான் இருந்தது. அதைப் பற்றி அவள் கடைசி வரை குறை சொல்லிக்கொண்டிருந்தாள், சந்தோஷமாக.

இப்போது வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். புது ரோட்டில் எல்லோரும் கவனமாகத்தான் இருப்போம். நன்றாகப் பழகிய ரோட்டிலிருந்து இன்னொரு ரோட்டுக்கு இறங்குகிற இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். தப்பு அங்கேதான் நடக்கிறது. அடுத்தவர் செய்தாலும் சரி, நீங்கள் செய்தாலும் சரி, ஏட்டு சொன்னதுபோலச் சொல்லிவிடுங்கள்.

அந்த முந்திரி மரம் இப்போது இல்லை. மரம் நின்ற மண்ணும் இல்லை. சுரங்கம் அதையும் தோண்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. நான் ரிட்டயர் ஆன அன்று வெஹிக்கிள் யார்டில் ஷாமியானா போட்டு, அதிகாரி ஒருவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அது வலது தோளில் விழுந்தது. கை தானாகவே அதை எடுத்து இடது தோளுக்கு மாற்றியது. பொன்னாடையை ஏன் இப்படி இழுக்கிறார் என்று முன்வரிசையில் இருந்த இளவட்டங்கள் சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாவாடை மட்டும் சிரிக்காமல், தன் துண்டை எடுத்து இடது தோளில் போட்டுக்கொண்டான்.