பார்சல் கிடையாது

ஐந்தருவிக்குப் போகிற சாலையில்தான் சீசன் நேரத்தில் என் தள்ளுவண்டி நிற்கும். முன்பக்கத் தகரத்தில் 'முட்டை நூடுல்ஸ், காய்கறி நூடுல்ஸ்' என்று ஆர்ட்டிஸ்ட் ஒருவர் அழகாக எழுதிக் கொடுத்தார். அதற்குக் கீழே கோணல்மாணலாக 'பார்சல் கிடையாது' என்று இருப்பது என் கையெழுத்து. அதைப் படித்துவிட்டு, "அண்ணாச்சிக்குத் திமிரப் பாரேன்" என்று என் காதுபடவே சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். உள்ள காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கம்.

முதல் சீசனில் இந்த எழுத்து இல்லை. அதுவரை தென்காசியில் மச்சானுடைய டயர் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடையில் கொஞ்ச காலம் சட்டி பிடித்தவன் என்பதால், ஒரு வண்டியைப் போட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. மச்சான் சிரித்தார். "பரோட்டாவுக்குச் செத்துக் கெடக்குற ஊருல நூடுல்ஸ் விக்கப் போறீரா மாப்ளே? பண்ணும், பண்ணும். டயர் கடை எங்கயும் ஓடிப் போயிராது" என்றார். அந்தக் கடைசி வார்த்தை என்னை உறுத்தியது. இனிமேல் அந்தக் கடைப்படி ஏறக்கூடாது என்று வைராக்கியமாகக் கிளம்பினேன்.

அந்த ஆனி, ஆடியில் எனக்குக் கிடைத்த புகழ் கொஞ்சநஞ்சமல்ல. அருவியிலிருந்து ஜனங்கள் நடுங்கிக்கொண்டே வருவார்கள். தலையில் ஈரத் துண்டு, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வாசம், பல் தந்தி அடிக்கும். ஆவி பறக்கிற தட்டை இரண்டு கையாலும் வாங்கி, ஊதக்கூடப் பொறுக்காமல் அள்ளிப் போடுவார்கள். ஆலங்குளத்திலிருந்து குடும்பத்தோடு வந்த போலீஸ்காரர் ஒருத்தர் வழித்துத் தின்றுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கைய இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீரு அண்ணாச்சி?" என்று கேட்டார். டயர் கடையில் என்று சொல்ல வாய் வரவில்லை.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் வேன் டிரைவர்கள். ஆட்களை அருவிக்கு அனுப்பிவிட்டு வண்டியிலேயே தூங்குவார்கள், எழுந்து வந்து ஒரு தட்டு வாங்குவார்கள். "சவசவன்னு இருக்கே, என்னத்தப் போட்டுக் கிண்டுதீரு?" என்று பாதியை வைத்துவிட்டுப் போவார்கள். பீடி குடித்துக் காய்ந்த நாக்குக்கு ருசி எங்கே தெரியப்போகிறது என்று நான் மனசுக்குள் திட்டிக்கொள்வேன். என் நாக்குக்குத் தெரியாதா? தினமும் காலையில் அருவியில் நன்றாக நின்று குளித்துவிட்டு வந்துதான் அடுப்பைப் பற்றவைப்பேன். முதல் தட்டு எனக்கு. அமிர்தமாக இருக்கும்.

சாரல் நின்றதும் கூட்டம் போய்விட்டது. எனக்கோ தலைக்கனம் போகவில்லை. மச்சான் கண்ணில் படுகிற மாதிரியே கடை போட வேண்டும் என்று தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன இடம் பிடித்தேன். அதே சட்டி, அதே சாஸ், அதே கை. முதல் நாள் வந்தவர் தட்டைப் பார்த்துவிட்டு, "சால்னா இல்லையா?" என்றார். இன்னொருத்தர் எண்ணெய் வடிகிறது என்றார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று இழுத்து அதோடு நிறுத்தியவர்கள் நிறைய. நான் ஊரைத் திட்டினேன். சால்னாவில் ஊறிப்போன நாக்கு என்று என் வீட்டுக்காரியிடம் தினமும் புலம்பினேன். அவள் 'உம்' கொட்டிக்கொண்டே சோற்றைப் போடுவாள்.

ஒரு நாள் சாயங்காலம் அந்த ஆலங்குளம் போலீஸ்காரர் வந்தார். கூட அவர் மனைவியும் சொந்தக்காரர்கள் நாலைந்து பேரும். வாசலிலேயே, "நான் சொன்னேம்லா, அந்த அண்ணாச்சி இவருதான்" என்று என்னைக் காட்டினார். நான் விறைப்பாக நின்று சட்டியைப் புரட்டிப் புரட்டிப் போட்டேன். உட்கார்ந்து எல்லாரும் ஒரு வாய் அள்ளிப் போட்டார்கள். சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போலீஸ்காரர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர மாத்திட்டீரோ அண்ணாச்சி?"

கரண்டி என் கையில்தான் இருந்தது. "இல்ல, நாந்தான்" என்றேன்.

அவர் மனைவி மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டுவிட்டது. "அன்னைக்கு நாம மத்தியானம் வரைக்கும் அருவியிலல்லா நின்னோம். அந்தப் பசிக்கு எதக் குடுத்தாலும் தேனாத்தான் இருந்திருக்கும்."

பாவம், அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. போலீஸ்காரர் எனக்காகவே தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தார். அவர் அப்படிக் கஷ்டப்பட்டு விழுங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பு கூசிப்போனது.

அவர்கள் போனதும் ஒரு தட்டு போட்டு நானே சாப்பிட்டேன். அன்றைக்கு நான் குளித்தது வீட்டுக் குழாய்த் தண்ணீரில். சவசவவென்றுதான் இருந்தது. அந்த டிரைவர்கள் சொன்ன அதே சவசவ. வீட்டுக்குப் போய், "உனக்கு முந்தியே தெரியுமா?" என்று கேட்டேன். சீசன் முழுக்க நான் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்ததைச் சாப்பிட்டவள் அவள். "நீங்க சந்தோசமா இருந்தீங்க. அதக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்றாள்.

கடையைக் காலி செய்தேன். மச்சான் ஒரு வார்த்தை கேலி பேசாமல் பஞ்சர் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பேசியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சீசன் வந்தால் இப்போதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். பூண்டைக் கூட்டிப் பார்த்தேன், மிளகைக் கூட்டிப் பார்த்தேன், சாஸை மாற்றினேன். எதைச் செய்தாலும் ஈரத்தலைகள் "சூப்பர் அண்ணாச்சி" என்கின்றன. அதைக் கேட்டு நான் என்ன தெரிந்துகொள்வது? என் நாக்காவது உள்ளதைச் சொல்லட்டும் என்று காலையில் நான் அருவிப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். பொட்டலமாக வீட்டுக்குப் போனால் குட்டு உடைந்துவிடும் என்றுதான் அந்த எழுத்தையும் எழுதினேன்.

இந்த ஆடியில் ஒரு அம்மா சொட்டச் சொட்ட நனைந்து வந்து, ஒரு தட்டு சாப்பிட்டு முடித்து, இன்னொன்றைப் பொட்டலம் கட்டச் சொன்னார். கிடையாது என்றேன். "கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு கால்ல மாவுக்கட்டு. குளிக்க முடியாம காலைல இருந்து வேன்லயே இருக்காரு. இவ்வளவு ருசியா நான் மட்டும் தின்னுட்டுப் போனா மனசு கேக்குமா?" என்றார்.

குளிக்காத ஆள். தட்டை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, தெரிந்த வித்தையை எல்லாம் அந்த ஒரு தட்டில் காட்டினேன். முட்டையைத் தனியாகப் பொரித்துக் கலந்து, தீயைக் கூட்டிப் புரட்டி, வெங்காயத்தாள் தூவிக் கொண்டுபோனேன். அவர் காலை நீட்டிக்கொண்டு பின் சீட்டில் இருந்தார். சிரித்த முகத்தோடு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டை என்னிடமே நீட்டினார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"நல்லா இருக்கு அண்ணாச்சி. எனக்குத்தான் பசி இல்ல."

தட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வண்டியருகே தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா, "எப்படி இருக்குன்னு சொன்னாரு?" என்று ஆசையாகக் கேட்டார். மிச்சத்தை அவர் பார்க்காதபடி வாளியில் தட்டிவிட்டு, "நல்லா இருக்குன்னாரும்மா" என்றேன்.