நான் படிக்காமல் விட்ட வரி

அஞ்சலையின் பாதங்களைப் பொசுக்கியது உப்பு அல்ல. ஆசிட். அது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும், உப்பு என்றுதான் சொன்னேன்.

இத்தனை வருடங்களாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் யாரோ, நான் யாரோ. அதனால்தான் சொல்ல முடிகிறது போலிருக்கிறது... தெரிந்த முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். நானும் அஞ்சலையும் ஒரே அளத்தில் உப்பு வாரியவர்கள். ஒரே பாத்தியில் எதிரெதிரே நின்று உப்பு வாரும் பலகையை இழுப்போம். தை மாதம் இறங்கினால் புரட்டாசி வரை எங்கள் கால்கள் உப்புத் தண்ணீரில்தான் கிடக்கும். குதிகால் வெடிக்கும், விரலிடுக்கில் புண் வரும். எங்கள் பக்கம் காலில் புண் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. உப்பு கடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு பொய்யை ஒளித்துவைக்க இதைவிட வசதியான ஊர் உண்டா, சொல்லுங்கள்?

சுனாமிக்கு அடுத்த வருடம், நிவாரண வேலைக்கு வந்த ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஊருக்குச் சிமென்ட் சாக்கடை கட்டிக் கொடுத்தது. கடைத்தெருவில் தொடங்கி, வீடுகளைத் தாண்டி, உப்பங்கழியில் போய் விழும். கழித் தண்ணீரைத்தான் அளத்துக்கும் பாய்ச்சுகிறோம். அதனால் சாக்கடையில் எதையெல்லாம் விடக் கூடாது என்று எட்டு வரி எழுதிப் பலகை நட்டார்கள். மலக்கழிவு கூடாது, மீன் கழிவு கூடாது, அமிலம் கூடாது என்று வரிசையாகப் போகும். வாரம் ஒருமுறை சாக்கடை நெடுக நடந்து, கடை கடையாகப் பார்த்து நோட்டில் எழுத ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். மகளிர் குழுவில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். நோட்டு என் கைக்கு வந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உப்பு வாரிய கையில் நோட்டும் பேனாவும்! மீன் கழுவிய தண்ணீரை ஊற்றிய ஒரு கிழவியைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. "பலகைல எழுதி வச்சது கண்ணு தெரியலியா?" என்று தெருவே கேட்கும்படி அதட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பேனா சேகரின் கடைக்கு முன்னால் நின்றுவிட்டது.

சேகர் என் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினாறு. நான் படிப்பை விட்டு அளத்தில் இறங்கியது அவனுக்குச் சோறு போடத்தான். புதுச்சேரியில் ஒரு பட்டறையில் வேலை பழகி வந்து, உப்பு லாரிகள் நிற்கும் இடத்தில் பேட்டரிக் கடை போட்டிருந்தான். பழைய பேட்டரியைக் கவிழ்த்து வடித்த ஆசிட் ஒரு குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போனது. முதல் வாரமே பார்த்துவிட்டேன். விழுந்த இடத்தில் சிமென்ட் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு வாரம் டைம் குடு அக்கா. பின்னாடி பள்ளம் எடுத்து, சுண்ணாம்பு கொட்டி, அதுல வுட்டுக்கறேன். அதுவரைக்கும் எழுதாதே" என்றான்.

எழுதினால் கடையை மூடச் சொல்வார்கள். 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் குழாயைக் காணோம். பள்ளம் எடுத்தாகிவிட்டது என்றான். அதன் பிறகும் வாராவாரம் 'சரி' என்றே எழுதினேன். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேனா? இல்லை. தம்பி சொன்னால் போதாதா என்று நினைத்தேன். இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை... பார்க்கப் பயந்தேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் அளத்தில் வேலை நின்றது. சாக்கடையில் சேறு வாரக் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். அஞ்சலை போனாள். சேகரின் கடைக்கு எதிரே சாக்கடையின் மூடுகல்லைப் புரட்டிவிட்டு, உள்ளே இறங்கி வெறுங்காலோடு அரை நாள் நின்றிருக்கிறாள். ஏற்கெனவே வெடித்திருந்த கால்கள்...

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து கிடந்தாள். குதிகால் தோல் வெந்து சுருண்டிருந்தது. கட்டியிருந்த புடவையின் கீழ்க்கரை முழுதும் சின்னச் சின்னதாக ஓட்டை. உப்பு தோலைக் கடிக்கும், துணியை ஓட்டை போடாது.

"இன்னாடி லச்சுமி, இப்படி எரியுது? உப்பு இவ்ளோ எரியாதே" என்றாள்.

"வெடிப்புல சேத்துத் தண்ணி எறங்கிடுச்சு. உப்புக் கடிதான். எனக்கு வரலியா?" என்றேன்.

எவ்வளவு இயல்பாக வந்தது தெரியுமா, அந்தப் பொய்!

ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கூட்டிப்போனேன். அவளைப் பேசவிடாமல் நானே முந்திக்கொண்டு, உப்பளத்துக் கால் என்றேன். களிம்பு கொடுத்தார்கள். திரும்பும் வழியில் அவளால் நடக்க முடியவில்லை. சாக்கடை ஓரத்து எட்டு வரிப் பலகையின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது.

"தெனம் எல்லாரையும் இதை வச்சுத்தானே மெரட்டுற? இன்னாதான்டி எழுதியிருக்குது? படி, கேப்போம்" என்றாள். வலியை மறக்க ஏதாவது பேச்சு வேண்டும், அவ்வளவுதான்.

படித்தேன். "மலக்கழிவு. மீன் கழிவு. எண்ணெய். சாயத் தண்ணி..."

ஐந்தாவது வரி, அமிலம். என் கண் அதன் மேல் நின்றது. வாய் அதைத் தாண்டியது.

"கொதிக்கிற தண்ணி. பிளாஸ்டிக். கோழிக் கழிவு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவளை வீட்டில் விட்டுவிட்டு நேரே சேகரின் கடைக்குப் போனேன். மூடுகல்லை நானே புரட்டினேன். குழாய் அங்கேயேதான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் கல்லுக்கு அடியில் இறக்கியிருந்தான். பள்ளமும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. அஞ்சலையின் காலைப் பற்றிச் சொல்லி, இன்றைக்கே எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று கத்தினேன்.

அவன் குரலை உயர்த்தவே இல்லை. "எழுது. ஏழு வாரம் சரின்னு கையெழுத்துப் போட்டது யாரு? மொதல்ல உன்னைத்தான் கேப்பாங்க" என்றான். மேசையைத் திறந்து சில ஜெராக்ஸ் தாள்களை எடுத்துப் போட்டான்.

என் நோட்டின் பக்கங்கள். முதல் வாரத்திலிருந்து ஒன்று விடாமல்! மற்ற கடைகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாராவாரம் நோட்டை வாங்கிப் போவான். அக்கா எழுதியதைப் படிக்க ஆசைப்படுகிறான் என்று நான் பூரித்துப்போயிருந்தேன்...

தவணை கேட்ட அன்றைக்கே என்னை மாட்டிவிட ஏற்பாடு செய்துகொண்டான். என் இடுப்பில் உட்கார்ந்து சோறு தின்றவன். அந்த ஏழு வயதுப் பிள்ளையை நான் எங்கே தொலைத்தேன்? சாலையோரம் நின்று வாய்விட்டு அழுதேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று அழுதது அஞ்சலைக்காக அல்ல. எனக்காகத்தான்.

மார்கழியில் அந்த நிறுவனத்தின் இன்ஜினியர் வந்து பார்த்தார். சாக்கடைச் சுவர் ஓரிடத்தில் அரித்துப் போயிருந்தது. "யாராவது கெமிக்கல் விடறாங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார். சேகரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். ஜெராக்ஸ் தாள்கள் நினைவுக்கு வந்தன. "உப்புக் காத்து சார். இங்க இரும்பையே தின்னுடும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகுதான் சேகர் உண்மையாகவே பள்ளம் எடுத்தான். இன்ஜினியருக்குப் பயந்து எடுத்தான், என் அழுகைக்காக அல்ல.

தையில் அளம் திறந்தது. அஞ்சலை பாத்தியில் கால் வைத்தாள். அலறாமல் இருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். மூன்று நாள் அப்படி நின்று பார்த்தாள். நான்காம் நாள் வரவில்லை. அதன் பிறகு அவள் அளத்தில் இறங்கவே இல்லை. இப்போது சாலையோரம் கருவாடு விற்கிறாள். எழுந்து நடக்க வேண்டுமென்றால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.

சேகரோடு எனக்குப் பேச்சு இல்லை. அவன்தான் குற்றவாளி என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த ஐந்தாவது வரியைத் தாண்டியது அவன் வாய் இல்லையே... அவன் எனக்குச் செய்ததை நினைத்து நெஞ்சு வேகும்போதெல்லாம், அஞ்சலைக்குத் தெரிந்தால் அவளுக்கும் இப்படித்தானே வேகும் என்று தோன்றி, கோபப்படக்கூட முடியாமல் போகிறது.

அந்தக் கோடையில் ஒருநாள் வேலை முடிந்து அவள் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் காலை இழுத்துத் தன் மடியில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்டி, ரெண்டு பேரும் ஒரே உப்புலதானே நின்னோம்? உனக்கு மட்டும் எப்படி ஆறுது? இன்னா தடவறே?"

அவள் குரலில் சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"வேப்பெண்ணெய்" என்றேன்.

"எனக்கும் கொஞ்சம் குடேன்."

ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தீர்ந்ததும் மறுபடி கேட்டாள். இன்றும் கேட்கிறாள். நானும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன்.