தீவில் ஊதிய சங்கு

என் கணவருக்கு ஒரு குணம். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் வழக்கம் யாரும் சொல்லாமலே தனக்குத் தெரியும் என்று நினைப்பார். அந்தக் குணத்தால் ஒரு நல்ல மனுசியின் பிழைப்பே ஒரு காலைப்பொழுதில் கவிழப் பார்த்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் தெற்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்தேன். என்னுடைய ஷிப்டிலேயே ஒரு கரீபியன் பெண்ணும் இருந்தாள். அங்கே சமைக்கும் சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து திட்டித்தான் சிநேகிதமானோம். அவள் பிறந்தது ஒரு சின்ன மீன்பிடித் தீவு. அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு வீடு கட்டி, இரண்டு அறைகளை வெளியூர் ஆட்களுக்கு விட்டு, சமைத்துப் போட்டுப் பிழைக்க வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. வீடு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டுப் போனாள்.

போகும்போது எங்களைத்தான் முதல் விருந்தாளிகளாக வரச் சொன்னாள். "உனக்குப் பொய் சொல்ல வராது. என் சமையல் வெளியாட்களுக்குப் பிடிக்குமா இல்லையா என்று உன் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் திரும்பி வந்து இதே ஏப்ரனைக் கட்டுகிறேன்" என்று இங்கிலிஷில் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாலும் அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த கோடையில் போனோம். ஒரு பெரிய விமானம், பிறகு ஒரு சின்ன விமானம், கடைசியில் ஆடுகளோடும் சீமெந்து மூட்டைகளோடும் ஒரு படகு. கணவர் படகில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. தேவாரம் சொன்னாரா, தூங்கினாரா என்று இன்றுவரை சொல்லவுமில்லை. தீவில் ஒரு றோட்டு, ஒரு கடை, ஒரு தேவாலயம், கரையில் நிறம் நிறமாக வள்ளங்கள். அவ்வளவுதான். லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், எங்கள் படுக்கையறைக்குக் கீழேதான் பஸ் நிற்கும். அந்த இரைச்சல் இல்லாமல் எனக்கு முதலில் நித்திரை வரவில்லை. பிறகு அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன்.

விடியும்போது கடற்கரைப் பக்கம் சங்கு ஊதியது. நீளமாக ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். கணவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"இஞ்சேரும், ஆரோ மோசம் போயிட்டினம் போல கிடக்கு."

எங்கள் ஊரில் சங்கு ஊதினால் ஒன்றில் கோயில், இல்லையென்றால் செத்தவீடு. இந்தத் தீவில் எங்கள் கோயில் இல்லை. ஆகவே செத்தவீடுதான். ஜன்னலால் பார்த்தால், சனம் வீடுகளிலிருந்து இறங்கிக் கடற்கரைக்கு விரைந்து போகிறது. சிலருடைய கையில் பெரிய பாத்திரங்கள். "செத்தவீட்டுக்குத் தேத்தண்ணி கொண்டு போகினம்" என்றார் அவர், எல்லாம் தெரிந்தவர் மாதிரி.

"கீழ போய்க் கேட்டுப் பாப்பம்" என்றேன்.

"உமக்கென்ன விசரே? அவவின்ரை சொந்தமோ தெரியாது. கவலையில இருக்கிற மனிசியிட்டைப் போய் ஆர் செத்ததெண்டு கேக்கிறதே? அவவா சொல்லுவா."

அயலில் ஒரு சாவு என்றால், பிரேதம் எடுக்கும்வரை எங்கள் ஆட்கள் மீனோ இறைச்சியோ வாயில் வைக்கமாட்டார்கள். ஆகவே அன்றைக்கு எங்களுக்கும் மீன் இல்லை என்று முடிவாயிற்று. கணவர் இருந்ததில் நல்ல சேர்ட்டை மாட்டி, கழுத்தில் கறுப்பு ரை கட்டினார். நானும் பொட்டைச் சின்னதாக வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

மேசை நிறைந்திருந்தது. பொரித்த அறக்குளா மீன், எண்ணெயில் பொங்கிய ரொட்டி, அவித்த வாழைக்காய், மிளகாய் அரைத்த குழம்பு. வாசம் ஆளைத் தூக்கியது. சிநேகிதி புதுச் சட்டையில் சிரித்துக்கொண்டு நின்றாள். "துக்கத்தை மறைச்சுக்கொண்டு சிரிக்கிறா" என்று கணவர் என் காதில் சொன்னார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, இன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், வெறும் தேத்தண்ணீர் போதும் என்று தாழ்ந்த குரலில் அவளிடம் சொன்னார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நானோ செத்தவீட்டு முகத்தோடு நின்றேன்.

அவள் சாப்பாட்டுக் கோப்பைகளை ஒவ்வொன்றாக மூடினாள். குசினிக்குள் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏப்ரனை அவிழ்த்தாள். "லண்டனில் என் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

இனிக் கணவரின் நாகரிகமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நேராகவே கேட்டேன்: "யார் செத்தது?"

"யார்?"

"சங்கு ஊதியதே!"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு கணவரின் ரையைப் பார்த்தாள். எங்கள் இருவரின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். அங்கே வள்ளத்தில் ஒருவர் ஏறி நின்று சங்கு ஊதிக்கொண்டிருந்தார். மீன் வந்துவிட்டது, வாருங்கள் என்பதற்குத்தான் அங்கே சங்கு. பாத்திரங்களில் தேத்தண்ணீர் இல்லை, துள்ளத் துள்ள மீன். கூட்டத்துக்கு நடுவில் கறுப்பு ரையோடு நின்றவர் எங்கள் ஆள் ஒருவர்தான். எங்கள் வழக்கத்தை நான் சொல்லச் சொல்ல, சிநேகிதி சிரித்துச் சிரித்து ஏலாமல் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்து மூடி வைத்த கோப்பைகளைத் திறந்தோம். கணவர் ரையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு மூன்றாம் தரமும் மீன் போட்டுக்கொண்டார். எனக்கு உறைப்பில் கண்ணீர் வழிந்தது, அவ்வளவு சந்தோசம். "இப்ப என் முகத்தைப் பார்" என்றேன். அவள் பார்த்தாள். ஏப்ரனை எடுத்துத் திரும்பக் கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சங்குச் சத்தம் கேட்டால் பாத்திரத்தோடு முதலாவதாக ஓடுகிறவர் என் கணவர்தான். வள்ளக்காரரிடம் ஊதவும் பழகிவிட்டார். லண்டனுக்கு வெளிக்கிடும்போது சிநேகிதி அவருக்கு ஒரு சங்கைப் பரிசாகக் கொடுத்தாள்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் பொரித்து வைத்துவிட்டு அவளுக்குப் போன் எடுத்தேன். ஓகஸ்ட்டில் வரலாமா என்று கேட்டேன்.

"ஓகஸ்ட்டில் இடமில்லை. இரண்டு அறையும் நிரம்பிவிட்டது" என்றாள்.

வர வேண்டாம் என்று ஒருவர் சொல்லி நான் துள்ளிக் குதித்தது அந்த ஒரு தடவைதான். விசயத்தைக் கேட்ட கணவர் சங்கை எடுத்துக்கொண்டு வந்தார். போனில் அவளுக்கும், வெளியே தெருவுக்கும் கேட்கட்டும் என்று முன்கதவைத் திறந்து வைத்து, முழு மூச்சாக ஊதினார். மறுபக்கத்தில் அவள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

அப்போது எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த யாழ்ப்பாணத்துப் பெடியன் வாசலில் வந்து நின்றான். கைகளைக் கட்டியிருந்தான். முகம் தொங்கியிருந்தது.

"அண்ணை, ஆர் மோசம் போனது?"

கணவர் சங்கை இறக்கினார். தானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ஒரு அறக்குளா, தம்பி. பொரிச்சு வைச்சிருக்கு. உள்ள வாரும்."