முடியோடு ஒரு படம்

என் கேமராவில் படம் எடுக்கச் சொல்லி அக்கா கேட்டது அந்த ஒரே நாள்தான். அதுவரை அவளுக்கு அது "ஓட்டை டப்பா". நான் ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் வரவேற்பு வேலை பார்க்கிறேன். லீவு கிடைத்தால் பழைய பிலிம் கேமராவை மாட்டிக்கொண்டு மலையைச் சுற்றக் கிளம்பிவிடுவேன். "அதுல எடுத்த போட்டோவைப் பாக்கறதுக்குள்ள அடுத்த பொங்கலே வந்துரும்" என்று கிண்டல் செய்வாள்.

அவளுக்கு மார்பில் கட்டி. மறுநாள் சேலம் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுவதாக இருந்தார்கள். முடி கொட்டிவிடும் என்று டாக்டர் சொன்னதுமே, "நோவுக்கு எதுக்குக் குடுக்கோணும்? சாமிக்கே குடுத்தர்றேன்" என்று சேர்வராயன் கோயிலில் மொட்டை போட முடிவு செய்துவிட்டாள். அதற்கு முன் முடியோடு ஒரு படம் வேண்டும் என்றாள்.

"போன்லயே எடுக்கலாமேக்கா?"

"போன்ல எடுத்தா மத்தியானத்துக்குள்ள சொந்தக்காரங்க குரூப்பு பூராச் சுத்தும். ஆளாளுக்கு ஐயோ பாவம்பாங்க. உன்ற டப்பாவுலயே எடு சாமி. எங்கிட்ட மட்டும் இருக்கோணும்."

அன்று காலையில் நாகலூரில் அவள் ஊட்டு வாசலில் எடுத்தோம். நல்ல பனிமூட்டம். லென்ஸ் வேறு ஆவி பிடித்துக்கொண்டே இருந்தது, பனியன் நுனியால் துடைத்துத் துடைத்து நிறையப் படம் எடுத்தேன். பழைய லென்ஸ், கையால்தான் திருப்பிக் கூர்மை பார்க்க வேண்டும். குளிரில் அந்த வளையம் இறுகிக் கிடந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டு ஒருமுறை சிரித்தாள் பாருங்கள், அது போதும் எனக்கு. சிக்கிவிட்டது என்று நினைத்தேன்.

பிலிமை மாட்டும்போது அதன் நாக்கை வலப்பக்க உருளையின் பொந்தில் செருக வேண்டும். லீவரை இழுத்தால் இடப்பக்கத் திருகு கூடவே சுற்ற வேண்டும். சுற்றினால்தான் உள்ளே பிலிம் ஓடுகிறது என்று அர்த்தம். பிலிம் போடுகிறவன் எவனும் முதலில் அதைத்தான் பார்ப்பான். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. அவள் முடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர், மாமாதான், வேனை ஓட்டிக்கொண்டு மேலே கோயிலுக்குக் கூட்டிப்போனார். நாவிதர் அக்கா தலையில் தண்ணீர் தெளித்து, "ஏனுங்கம்மா, ஆரம்பிச்சரலாமுங்களா?" என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியாக ஒன்று எடுக்கலாம் என்று நான் கேமராவைத் தூக்கினேன். ஒரு ரோலில் முப்பத்தாறு படம்தான்; எண்காட்டி அதையும் தாண்டி நின்றது. நின்றுபோயிருக்க வேண்டிய லீவரோ இன்னும் போய்க்கொண்டே இருந்தது. திருகு அசையவில்லை.

பிலிம் டப்பியிலிருந்து அறுந்து உருளையில் சுற்றிக் கிடக்கலாம், அப்படியானால் எல்லாப் படமும் பத்திரம். அல்லது முதலிலிருந்தே ஓடாமல் இருந்திருக்கலாம், அப்படியானால் ஒன்றுமே இல்லை. திறந்து பார்க்கவும் முடியாது, வெளிச்சம் பட்டால் இருப்பதும் போய்விடும். "நிறுத்துங்கண்ணா" என்று தொண்டை வரை வந்தது. அதற்குள் முன்பாதித் தலை வெளுத்துவிட்டது.

வெளிச்சம் படாமல் விரலால் தடவிப் பார்க்கலாம் என்று வேனுக்கு ஓடினேன். ஜெர்கினுக்குள் கேமராவை வைத்து, ஜிப்பை மூடி, கைகளைத் தலைகீழாகக் கைப்பகுதி வழியே நுழைத்தேன். "மாமா, கம்பளியை மேல போடுங்க!"

"என்னாச்சு மாப்ள?"

"போடுங்க மாமா, பேசாதீங்க!"

அறுந்திருக்கணும் சாமி, அறுந்திருக்கணும். பிலிம் அறுந்திருக்க வேண்டும் என்று எவனாவது வேண்டுவானா? நான் வேண்டினேன். கேமராவின் பின்மூடியை இருட்டில் திறந்து விரலை விட்டேன். உருளை வழவழவென்று வெறுமையாக இருந்தது. பிலிமின் நாக்கு ஓரமாகக் கிடந்து விரலில் இடறியது.

அடப்பாவி. அடப்பாவி.

அக்கா தலையில் சந்தனத்தோடு வந்து நின்றாள். "மொட்டையில எப்படிடா இருக்கறேன்?" பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "காலையில எடுத்தது ஒண்ணுமே விழலக்கா. பிலிமே ஓடல."

நோயைச் சொன்னபோதுகூட அழாதவள் அவள். திரும்பி, நாவிதர் பக்கத்தில் கிடந்த முடியைப் பார்த்தாள். ஒரு எட்டு வைத்தவள் நின்றாள். "சாமிக்குக் குடுத்தாச்சு" என்றாள், தனக்குத்தானே. பிறகு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நொம்ப நேரம் அழுதாள். நானும் அழுதேன். மாமா கம்பளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"பிலிம் இருக்குதா அதுல?" என்று கேட்டாள் கடைசியில்.

"முழுசா இருக்குதுக்கா."

"மாட்டு. இந்தத் தடவ நானும் பாக்கறேன்."

மாட்டினேன். குனிந்து அந்தத் திருகையே பார்த்தாள். சுற்றியது. மொட்டைத் தலையோடு ஒரே படம் எடுக்கச் சொன்னாள். சிரிக்கவில்லை. "போதும். மிச்சத்தை முடி வளந்தப்புறம் எடுக்கலாம். அதுவரைக்கும் கழுவக் குடுத்தராத."

இப்போது புருவமும் போய்விட்டது. கஞ்சி குடித்தாலும் வாந்தி. போன வாரம் டாக்டர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்ன சொன்னார் என்று மாமா என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, பல்பு எரிகிற பீரோவில்தான் கேமராவை வைத்திருக்கிறேன். தினமும் எடுத்து அந்தத் திருகை லேசாகத் தொட்டுப் பார்ப்பேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது, பிலிம் நன்றாகப் பிடித்திருக்கிறது.

நேற்று போன் செய்தாள். குரலே இல்லை.

"வேற எதையாச்சும் எடுத்து அந்த பிலிமைத் தீத்தராதடா கண்ணு."

"இல்லக்கா."

இன்னும் முப்பத்தைந்து படம் மிச்சம் இருக்கிறது. ஒன்றைக்கூட நான் தொடவில்லை.